ஜிப்சம் போட்டால் உப்பு போகாது

போன வாரமும் எங்கள் மண் சோதனைச் சாலைக்கு ஒரு யூரியா சாக்கு வந்தது.

கொண்டுவந்தவர் ராமநாதபுரம் கடலோரத்தில் திருப்பாலைக்குடிப் பக்கம். அறுபதைத் தாண்டிய வயது. பேருந்தில் மடியிலேயே வைத்துத் தூக்கி வந்திருக்கிறார். உள்ளே ஐந்தாறு கிலோ மண் இருந்தது. வயலில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்த இடமாகப் பார்த்து மண்வெட்டியால் சுரண்டி எடுத்தது. "தம்பி, ஏக்கருக்கு ரெண்டு டன் ஜிப்சம் போட்டேன். ரெண்டு வருசமாப் போடுறேன். இன்னும் எவ்வளவு போடணும்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

"இந்தச் சாக்கில் வந்த மண்ணை வைத்து நான் யூரியாவைத்தான் சோதிக்க முடியும் அண்ணே" என்று சொல்லி, துணிப்பை இரண்டு கொடுத்து, எப்படி எடுப்பது என்று காகிதத்தில் வரைந்தும் காட்டி அனுப்பினேன். கோபித்துக்கொள்ளாமல் நாலாம் நாள் திரும்பி வந்தார். இந்த முறை ஒழுங்காக எடுத்த மண். பி.எச். (கார, அமில அளவு) 7.8. ஈ.சி. (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்தல் அளவு) 3.1. ஜிப்சம் தேவை: இல்லை. இரண்டு ஏக்கர், இரண்டு வருடம், மொத்தம் எட்டு டன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சோதனை முடிவு அட்டையை நீட்டுவது எனக்குப் பழகவே இல்லை.

இந்தக் கோடையில் இது எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கடைக்காரர் சொன்னார், பக்கத்து வயல்காரர் சொன்னார், கைபேசியில் யாரோ சொன்னார் என்று எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

குழப்பம் பேச்சிலேயே தொடங்குகிறது. நம் பக்கம் விளையாத மண் எல்லாமே 'உவரு'தான். ஆனால் உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுந்திருக்கிறது, நோய் அவ்வளவுதான். பி.எச். பெரும்பாலும் 8.5-க்குள் நிற்கும். களர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம் இருக்காது. சோடியம் மட்டும் களித்துகளோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பி.எச். 8.5-ஐத் தாண்டி 9, 10 என்று போகும். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுக்க அள்ளிவந்த உவர்மண் இருக்கிறதே, அது பெயருக்குத்தான் உவர். உண்மையில் அது களர் வகை. அதிலிருந்த சோடியம் கார்பனேட்தான் அழுக்கை எடுத்தது. தேவிபட்டினம் கடலோரத்து மண்ணை அள்ளி வெளுத்துப் பாருங்கள், துணிதான் பிசுபிசுக்கும்.

சரி, ஜிப்சம் என்ன செய்கிறது? அது கால்சியம் சல்பேட். களர் மண்ணில் போட்டுத் தண்ணீர் கட்டினால், கால்சியம் போய்க் களித்துகளில் உட்காரும், சோடியம் இடத்தைக் காலி செய்யும். வெளியே வந்த சோடியம் சோடியம் சல்பேட்டாகத் தண்ணீரில் கரைந்து, வடிகால் வழியாக வெளியேற வேண்டும். வேலை இவ்வளவுதான்: ஒட்டியிருப்பதைக் கழற்றிவிடுவது. ஒட்டாமல் சும்மா கரைந்து கிடக்கும் உப்பை ஜிப்சம் எதுவும் செய்யாது. அதை விரட்டாது, கரைக்காது, 'முறிக்காது'. இந்த 'முறிக்கும்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் தலைவலி வருகிறது. உப்பு விஷமல்ல, முறிப்பதற்கு. தண்ணீரில் கரைத்து வயலைவிட்டு வெளியே அனுப்புவதைத் தவிர அதற்கு வேறு வழி இந்த உலகத்தில் கிடையாது.

இன்னொன்றையும் கேளுங்கள். ஜிப்சமே ஓர் உப்பு. லிட்டருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் தண்ணீரில் கரையும். உப்பு நிலத்தில் உப்பைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, உப்பு குறையவில்லையே என்று என்னிடம் வந்து நின்றால் நான் என்ன செய்வது? (சோடியமும் மிகுந்து உப்பும் மிகுந்த மண் ஒன்று இருக்கிறது. கடல்நீர் ஏறி இறங்கிய களிமண்ணில் பார்க்கலாம். அதற்கு ஜிப்சம் வேண்டும். அதுவும் சோதித்துப் பார்த்து, கணக்கிட்டு.)

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். களி கலந்த மண்ணுக்குத்தான் இது சரிப்படும், வெறும் மணலுக்கு அல்ல. ஒரு கண்ணாடிக் குப்பியில் இரண்டு கை மண், அதன்மேல் மழைநீர். மழைநீர் இல்லாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். போர் தண்ணீர் கூடாது, அதிலிருக்கும் உப்பே கணக்கைக் கெடுத்துவிடும். நன்றாகக் குலுக்கி இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் மண் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் உப்பு. பால் டீ மாதிரி கலங்கியே நின்றால் களர். தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி மழைநீர் ஊற்றி, இரண்டு மூன்று முறை இப்படியே கழுவிய பிறகு கலங்க ஆரம்பித்தால் அது நான் சொன்ன, சோடியமும் உப்பும் சேர்ந்து மிகுந்த இரண்டும் கெட்டான். முதல் நாள் தெளிந்ததைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

நம் கடற்கரையில் ஏன் இவ்வளவு உப்பு? நிலத்தைப் பார்த்தாலே தெரியும். தொண்டியிலிருந்து உப்பூர், தேவிபட்டினம் வரை பாக் நீரிணைப் பக்கம் தரை மேசை போலத் தட்டையாக இருக்கும். களிமண்ணும் சேறும், காரங்காட்டில் அலையாத்திக் காடு. வைகை எத்தனை மாவட்டம் தாண்டி வந்தும் கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் தங்கிவிட்டு, மிஞ்சியது மட்டும் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடுகிறது. தண்ணீர் வடிய வேண்டிய இடத்தில் சரிவே கிடையாது. தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று மன்னார் வளைகுடாப் பக்கம் போனால் மணல் மேடும் பனங்காடும். அங்கே உப்பு நிற்காமல் இறங்கிவிடும், ஆனால் தண்ணீரும் நிற்காது. வாலிநோக்கத்தில் அரசாங்கமே உப்பளம் நடத்துகிறது என்றால் வெயிலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களில் வானம் குடிப்பதுதான் அதிகம். வருடத்தில் ஆவியாவது பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நாலைந்து அடியில் உப்புத் தண்ணீர் நிற்கும் வயலில், மாசி பிறந்ததும் அது விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல மேலே ஏறும். தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். சித்திரையில் வரப்போரம் நடந்தால் காலடியில் நொறுநொறுவென்று உடையுமே, அதுதான். அதற்குள் உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி முளைத்துச் சிவந்திருந்தால் என் சோதனைச் சாலைக்கு வரவேகூட வேண்டாம், செடியே அட்டை எழுதிக் கொடுத்துவிட்டது.

செம்மண் லாரி இரண்டு அடித்துத் தரையை உயர்த்தினால் சரியாகிவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். கீழே தண்ணீர் அதே மட்டத்தில் நின்றால் செம்மண்ணிலும் உப்பு ஏறும். சில பருவம் தாமதமாகும், அவ்வளவே.

ஆனால் நிலத்தைக் கெடுப்பது பல இடங்களில் கடல் அல்ல, நம் மோட்டார்தான். ஒரு கணக்குப் போடுகிறேன். ஈ.சி. 3 உள்ள போர் தண்ணீர். நாக்கில் வைத்தால் லேசாக உவர்க்கும், "மாடு குடிக்குது சார்" என்பார்கள். அதில் லிட்டருக்குச் சுமார் 1.9 கிராம் உப்பு. ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினால் இரண்டு லட்சம் லிட்டர். அதாவது ஒரே ஒரு தண்ணீரில் வயலுக்குள் போகும் உப்பு 400 கிலோவுக்குப் பக்கம். எட்டு மூட்டை. மிளகாய்க்குப் பத்துத் தண்ணீர் பாய்ச்சினால் எண்பது மூட்டை. தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டச் சொன்னால் செய்வீர்களா?

தண்ணீர் உவர்த்ததும் அடுத்த யோசனை "இன்னும் நூறு அடி இறக்கலாம்". கடலோர மணலில் இது நேர்மாறான வேலை. மழைநீர் மணலில் இறங்கி, எடை கூடின கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்துவிட்டீர்கள் என்றால், கீழே 40 மீட்டருக்குக் கதவைத் திறந்துவிட்டதாக அர்த்தம். 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்த தனுஷ்கோடியில், இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு, மணலைக் கையால் தோண்டி ஊற்றில் நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். ஆழமாக அல்ல, மேலாகத் தோண்டி. சிரட்டையால் மெல்ல மொண்டால் ஊறிக்கொண்டே இருக்கும். அதே இடத்தில் ஐந்து எச்.பி. மோட்டாரை வைத்துப் பாருங்கள்.

அட்டையைப் படிப்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஈ.சி. 4-க்கு மேல் போனால்தான் உவர் நிலம் என்று எங்கேயோ படித்துவிட்டு, "எனக்கு 1.8 தானே" என்று நிம்மதியாகப் போகிறார்கள். அந்த 4 என்பது மண்ணைக் குழம்பு போல் நனைத்து, அதிலிருந்து பிழிந்த சாற்றில் அளப்பது. சோதனைச் சாலைகளில் வழக்கமாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றி அளக்கிறோம். கலக்கிய மோரில் புளிப்பு பார்ப்பது மாதிரி. வேர் அனுபவிப்பது பொதுவாக அதைப்போல மூன்று, நான்கு மடங்கு, மணலில் இன்னும் கூடுதல். எந்த முறையில் அளந்தது என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நானாவது மாட்டேன்.

இனி என்னதான் செய்வது? மழையைப் பிடிப்பதுதான். நம்மிடம் இருக்கிற ஒரே உப்பில்லாத தண்ணீர் அதுதான், அதுவும் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆடியிலேயே வயலை மட்டப்படுத்துங்கள். மேடு விட்டால் அந்த மேட்டில்தான் உப்பு குந்தும். வரப்பை ஓர் அடிக்குக் குறையாமல் உயர்த்துங்கள். ஓர் அடி மண்ணில் இருக்கும் உப்பில் பெரும்பங்கை இறக்க, ஓர் அடித் தண்ணீர் அதன் வழியாக இறங்க வேண்டும். 'வழியாக' என்பதைக் கவனியுங்கள், மேலோடு வழிந்து ஓடினால் மேல் உப்பு கொஞ்சம் போகும், வேரில் இருப்பது அங்கேயே இருக்கும். இறங்கியது வெளியேற வயலோரம் இரண்டு மூன்று அடி ஆழத்தில் வடிகால் வேண்டும், அது ஓடையில் சேர வேண்டும். வடிகால் இல்லாமல் தேக்கினால் உப்பைக் கொஞ்ச நாள் கீழே தூங்க வைக்கிறீர்கள், மாசியில் எழுந்து வந்துவிடும்.

மழைக்கு முன்பே காய்ந்த வயலில் நெல் விதைக்கும் புழுதி விதைப்புக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயல் முழுக்க அல்ல, உப்புப் பூக்கும் பகுதியில் மட்டும் அவசரப்படாதீர்கள். முதல் மழையை அங்கே தேக்கி இறக்கிவிட்டு, அப்புறம் குறுகிய கால ரகமாக நடுங்கள். இல்லாவிட்டால் முளை கருகும், விதையைக் குறை சொல்வீர்கள். உப்பு தாங்கும் ரகம் வேண்டுமானால் ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

மிளகாய் உப்பு தாங்காது. முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததற்காக அது உப்பைப் பொறுத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. மண்ணை நீள மேடாக அணைத்துப் பார் பிடித்துத் தண்ணீர் விட்டால் உப்பு முழுவதும் பாரின் உச்சியில் வெள்ளைக் கோடாக ஏறி நிற்கும். சரியாக அந்த உச்சியில் நாற்றை ஊன்றுகிறார்கள்! சரிவில், பாதி உயரத்தில் ஊன்றுங்கள். சொட்டுநீர் போட்டிருந்தால், லேசான தூறலின்போது மோட்டாரை நிறுத்தாதீர்கள். ஈரத்தின் ஓரத்தில் ஒதுங்கியிருந்த உப்பைத் தூறல் நேராக வேருக்குத் தள்ளிவிடும். மழை நன்றாகப் பிடித்த பிறகு நிறுத்திக்கொள்ளலாம். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி உழுங்கள். பொட்டாஷ் வேண்டுமென்றால் சல்பேட் வடிவில் வாங்குங்கள், மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது, அது ஏற்கெனவே நம்மிடம் நிறைய.

வடியவே வழியில்லாத, அலை மட்டத்துக்குச் சமமாகக் கிடக்கும் துண்டு நிலங்களும் உண்டு. அவற்றில் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுவேன்.

திருப்பாலைக்குடி அண்ணனுக்கு இப்போது வடிகால் வெட்டும் வேலை. பக்கத்து வயல்காரரோடு சேர்ந்தால்தான் ஓடைவரை கொண்டுபோக முடியும். இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறு, அதற்கு என்னிடம் மருந்தில்லை.

மண் எடுப்பவர்கள் புரட்டாசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள், மழை விழுந்தால் அளவு மாறிவிடும். வயலில் பத்துப் பதினைந்து இடம், மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு அரையடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' போல வெட்டி, பக்கவாட்டில் ஒரே கனத்தில் சீவி எடுத்து, கலந்து, அரை கிலோ போதும். வரப்பு, மரத்தடி, எருக்குழி வேண்டாம். உப்பு சந்தேகம் என்றால் ஓர் அடி, இரண்டடி, மூன்றடி ஆழத்திலும் தனித்தனியாக எடுங்கள். கூடவே ஒரு லிட்டர் போர் தண்ணீர், மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிடித்தது. மண்ணுக்குத் துணிப்பை. தண்ணீருக்கு அதே தண்ணீரில் இரண்டு முறை அலசின பாட்டில். போன மாதம் ஒருவர் சர்பத் பாட்டிலில் கொண்டுவந்தார்.