வழக்கு முடிந்தாலும் கணினியில் முடிவதில்லை

இரவு பதினொரு மணிக்கு மேல் சென்னையில் டூ வீலரில் போனால் எங்காவது ஓரிடத்தில் தடுப்பு வைத்து நிறுத்துவார்கள். முன்பெல்லாம் ஆர்.சி., லைசென்ஸ், வாயை ஊதச் சொல்வது, அத்துடன் சரி. இப்போது சில இடங்களில் காவலர் தன் செல்போனை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு படம் எடுக்கிறார். சில வினாடிகளில் "போங்க" அல்லது "ஓரமா நில்லுங்க". அந்தச் சில வினாடிகளில் என்ன நடக்கிறது என்பது என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் பலருக்குத் தெரிவதில்லை. கிரிமினல் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில், தெரிந்துகொள்வது நல்லது என்று நினைப்பதை எழுதுகிறேன்.

மும்பைத் தாக்குதலுக்கு அடுத்த ஆண்டு, 2009-ல், மத்திய அரசு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கி சி.சி.டி.என்.எஸ். என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் காவல் நிலையங்களை ஒரே கணினி வலையில் இணைப்பதுதான் நோக்கம். எஃப்.ஐ.ஆர்., கைது, குற்றப்பத்திரிகை எல்லாம் அதில் ஏறுகின்றன. அதற்கு முன் ஒரு ஆளைப் பற்றிய விவரம் அந்தந்த ஸ்டேஷன் ரைட்டரின் பீரோவில் தூங்கும். ரைட்டர் மாற்றலாகிப் போனால் பாதி விவரமும் அவரோடு போய்விடும். இப்போது தூத்துக்குடியில் பதிவான வழக்கை திருவள்ளூரில் இருந்தபடி பார்க்கலாம். 2021 அக்டோபரில் தமிழ்நாடு காவல்துறை முகம் கண்டறியும் மென்பொருளையும் இதனுடன் சேர்த்தது. உருவாக்கியது மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா பிரிவு. களத்தில் நிற்கும் காவலரின் போனிலேயே இயங்கும். எடுத்த படத்தை, ஏற்கெனவே குற்றம் சாட்டப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாத உடல்கள் ஆகிய படங்களோடு ஒப்பிட்டுச் சொல்லும்.

இதில் நல்லது இல்லை என்று சொல்ல மாட்டேன். சங்கிலி பறிப்பு வழக்குகளில் கேமராக்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போய் ஆளைப் பிடித்ததை நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாமல் பிணவறையில் கிடக்கும் உடலுக்கு ஒரு குடும்பம் கிடைத்தால் அது பெரிய காரியம். என் கவலை வேறு இடத்தில். உங்களுக்கு எதிரான பதிவை இந்த அமைப்பு பல பத்தாண்டுகள் வைத்திருக்கிறது. உங்களைக் காப்பாற்றக்கூடிய பதிவு சில வாரங்களில் அழிந்துவிடுகிறது.

முதலில் அந்த 'மேட்ச்' என்பதைப் பார்ப்போம். மென்பொருள் "இவர்தான் அவர்" என்று சொல்வதில்லை. "இந்தப் படத்துக்கும் அந்தப் படத்துக்கும் இவ்வளவு ஒற்றுமை" என்று ஒரு மதிப்பெண் தருகிறது. பாஸ் மார்க் எவ்வளவு என்பதைப் பயன்படுத்துகிறவர்தான் முடிவு செய்கிறார். டெல்லி போலீஸ் 80 சதவீதத்தைப் பாஸ் மார்க்காக வைத்திருப்பதாக 2022-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது பதில் சொன்னது. 80-க்குக் கீழே வந்தாலும் கதவு மூடாது, வேறு ஆதாரங்களோடு சேர்த்துச் சரிபார்ப்போம் என்றும் அதே பதில் சொன்னது. அப்படியானால் 60 மார்க் எடுத்தவரின் வீட்டுக் கதவும் தட்டப்படலாம். இதே டெல்லி போலீஸ், காணாமல் போன குழந்தைகளைத் தேடப் பயன்படுத்திய மென்பொருளின் துல்லியம் 2 சதவீதம் என்று 2018-ல் உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு, அது ஒரு சதவீதம்கூட இல்லை, பையனா பெண்ணா என்பதைக்கூடப் பிரித்துச் சொல்லவில்லை என்று மத்திய அமைச்சகம் சொன்னது. அதன் பிறகு மென்பொருள்கள் நன்றாக முன்னேறிவிட்டன, உண்மைதான். ஆனாலும் மங்கலான தெருவிளக்கில், ஓடும் பைக்கில், பாதி முகம் தெரியும் படத்தைக் கொடுத்தால் மதிப்பெண்ணை எவ்வளவு நம்புவது?

இன்னொரு விஷயம். நான் பார்க்கும் குற்றப்பத்திரிகைகளில் இந்த மென்பொருளின் பெயர் அநேகமாக வருவதே இல்லை. "ரோந்துப் பணியின்போது சந்தேகத்திற்கிடமாக நின்றிருந்தவரை விசாரிக்க" என்று பழைய பாட்டுதான். சந்தேகம் காவலருக்கு வந்ததா, போனுக்கு வந்ததா என்பது எங்கும் பதிவாவதில்லை. பதிவாகாததைக் குறுக்கு விசாரணையில் பிடிப்பது கஷ்டம். இளம் வழக்கறிஞர்கள் விசாரணை அதிகாரியிடம் இதை நேராகக் கேட்க வேண்டும்: முதலில் இவர் பெயர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? எந்தப் படத்தோடு ஒப்பிட்டீர்கள்? பட்டியலில் வேறு யார் யார் வந்தார்கள்?

வழியில் நிறுத்தி படம் எடுக்கச் சட்டம் இருக்கிறதா என்று கேட்பார்கள். 2022-ன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், தண்டிக்கப்பட்டவர், நன்னடத்தைப் பிணை கொடுக்கச் சொல்லப்பட்டவர், கைதானவர், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர் ஆகியோரைப் பற்றித்தான் பேசுகிறது. மற்றவர்களிடம் எடுக்க வேண்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். சும்மா ரோட்டில் போகிறவர் இதில் எங்கும் வரவில்லை. 2021 ஊரடங்கின்போது ஹைதராபாத்தில் சமூகச் செயற்பாட்டாளர் எஸ்.க்யூ. மசூதை நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவர் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார், 2022-ல் நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஆனால் உங்களுக்கு நடந்தால் அந்த இடத்திலேயே சட்டம் பேசி மல்லுக்கு நிற்காதீர்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 172-வது பிரிவில், காவலரின் சட்டப்படியான உத்தரவை மறுத்ததாகச் சொல்லி உங்களைப் பிடித்து வைக்க வழி இருக்கிறது. உத்தரவு சட்டப்படியானதா இல்லையா என்பதை அந்த நேரத்தில் முடிவு செய்பவர் நீங்கள் இல்லை. எந்தப் பிரிவில் எடுக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அதிகாரியின் பெயர், நிலையம், நேரம், இடம் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் எழுத்தில் பேசலாம்.

இப்போது 'பல பத்தாண்டுகள்' என்று சொன்னதற்கு வருகிறேன். அந்த 2022 சட்டப்படி கைரேகை, உள்ளங்கை ரேகை, பாதத்தடம், புகைப்படம், கருவிழி, கையெழுத்து என எடுக்கப்படும் அடையாளங்களை தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். இருபது வயதில் கைதானவருக்குத் தொண்ணூற்றைந்து வயது வரை. ஏழு ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்துக்காகக் கைதாகி, அது பெண்ணுக்கோ குழந்தைக்கோ எதிரான குற்றமும் இல்லை என்றால் ரத்தம், உமிழ்நீர் போன்ற உயிரியல் மாதிரிகளைத் தர மறுக்கலாம். மற்றதை மறுக்க முடியாது, மறுத்தால் அதுவே தனிக் குற்றம்.

என்னிடம் ஒரு மெக்கானிக் வந்தார். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அடிதடி வழக்கில் மற்றவர்களோடு சேர்த்து இவரையும் போட்டு, பிறகு எல்லாரும் விடுதலை. ஒர்க்‌ஷாப்பில் இருந்து இரவு வீடு திரும்பும்போதெல்லாம் ஓரமாக நிற்க வேண்டியிருக்கிறது. "தீர்ப்பு நகல் வண்டி டேங்க் கவர்லயே வச்சிருக்கேன் சார், யாரும் படிக்க மாட்டேங்கிறாங்க" என்றார். கணினியில் கைது ஏறிவிட்டது, விடுதலை ஏறவில்லை. கைதைப் பதிவேற்றப் போலீஸுக்கு அவசரம் இருக்கிறது. விடுதலையைப் பதிவேற்ற யாருக்கு அவசரம்?

இதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய எந்தக் குற்றத்திலும் முன்பு தண்டிக்கப்படாத ஒருவர், விசாரணை இல்லாமலே விடுவிக்கப்பட்டாலோ, நீதிமன்றம் அவரை வழக்கில் இருந்து விடுவித்தாலோ (டிஸ்சார்ஜ்), தீர்ப்பில் விடுதலையானாலோ, மேல்முறையீடு எல்லாம் முடிந்த பிறகு அவரிடம் எடுத்த அடையாளப் பதிவுகளை அழிக்க வேண்டும். அழிக்க வேண்டாம் என்றால் நீதிமன்றம் காரணம் எழுதி உத்தரவு போட வேண்டும். ஆனால் தானாக அழியும் என்று காத்திருந்தால் நடக்காது. 2022 விதிகளின்படி, மாநில அரசு நியமித்த பொறுப்பு அதிகாரியிடம் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். வேறு வழக்கோடு தொடர்பில்லை என்று அவர் சரிபார்த்து ஆவணக் காப்பகத்துக்குப் பரிந்துரைப்பார். தீர்ப்பின் சான்றிட்ட நகல், மேல்முறையீடு இல்லை என்பதற்கான விவரம், குற்ற எண், காவல் நிலையம் ஆகியவற்றை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதே தீர்ப்பு நகலைக் காவல் நிலையத்துக்கும் கொடுத்து, சி.சி.டி.என்.எஸ். பதிவில் வழக்கின் முடிவை ஏற்றும்படி தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. அடையாளப் பதிவு அழிந்தாலும் எஃப்.ஐ.ஆர். பதிவு இருக்கும். அதில் 'விடுதலை' என்ற வார்த்தை ஏறியிருக்கிறதா என்பதுதான் வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் உங்கள் தலையெழுத்து. காவலர் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'சந்தேகத்தின் பலனை அளித்து' விடுதலையானவரைக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதும் விதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆகவே வாதம் முடிக்கும்போதே, இது சாட்சியம் இல்லாத வழக்கு என்று நீதிமன்றம் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும் எனக் கேளுங்கள்.

ஹிஸ்டரி ஷீட், அதாவது தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவர் என்று காவல் நிலையம் ஒருவர் பெயரில் திறக்கும் தாள், போடப்பட்டவர்களுக்கு ஒரு சேதி. 2024 மே மாதம் அமானதுல்லா கான் வழக்கில், குற்றப் பின்னணி இல்லாத அப்பாவிகளின் பெயர் இந்தத் தாள்களில் ஏறக்கூடாது, மூத்த அதிகாரி ஒருவர் அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி மனு கொடுக்கலாம். விடுதலையான பிறகு, தீர்ப்பில் இருந்தே தன் பெயரை நீக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போன ஒருவருக்கு 2024 பிப்ரவரியில் சாதகமாக உத்தரவு வந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. (அவர் பெயரை இங்கே எழுதாமல் விடுவதுதான் முறை.)

இவ்வளவு தகவலைச் சேர்த்து வைக்கிறவர்கள் பூட்டையாவது நன்றாகப் போட்டிருக்கிறார்களா? 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகம் கண்டறியும் தளத்துக்குள் வெளியாள் ஒருவர் புகுந்தது செய்தியானது. ஒரு கணக்கின் பாஸ்வேர்டு வழியாகப் போயிருக்கிறார்கள் என்று காவல்துறையே சொன்னது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியுமா? உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு, அந்தரங்கத்தில் அரசு கை வைக்க வேண்டும் என்றால் முதலில் ஒரு சட்டம் வேண்டும் என்கிறது. முகம் கண்டறியும் தொழில்நுட்பத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் தாராளமான விலக்கு இருக்கிறது.

வண்டி விற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராவுக்குத் தெரிந்தது பதிவேட்டில் இருக்கும் பெயர் மட்டும்தான். தெரிந்தவரிடம்தானே விற்றோம் என்று பெயர் மாற்றாமல் விட்டால், அந்த வண்டி எங்கே போனாலும் முதலில் போன் வருவது உங்களுக்கு. படிவம் 29, 30 கொடுத்து ஒப்புகையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இனி, உங்களைக் காப்பாற்றும் பதிவு. சில ஆண்டுகளுக்கு முன் சர்ஃப்ஷார்க் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட கணக்கில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு உலக நகரங்களில் சென்னைக்கு முதலிடம் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு எல்லாம் கமிஷனர் அலுவலகத் திரையில் ஓடுவதாக நினைக்க வேண்டாம். மிகப் பெரும்பாலானவை கடைக்காரர், அபார்ட்மென்ட் சங்கம், நகைக்கடை வைத்தவை. படம் அந்தக் கடையில் கேமராப் பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டியில்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியதை எழுதும். சில இடங்களில் ஒரு மாதம், சில இடங்களில் பத்து நாள்கூடத் தாங்காது. சம்பவ நேரத்தில் நீங்கள் வேறு இடத்தில் இருந்ததைக் காட்டும் ஒரே சாட்சி ஒரு டீக்கடை கேமராவாக இருக்கலாம். ஜாமீன் கிடைத்து வெளியே வந்து தேடும்போது அது போயிருக்கும். எனவே கைதான அன்றே குடும்பத்தில் ஒருவர் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். கடைக்காரரிடம் எழுத்தில் கொடுங்கள், விசாரணை அதிகாரிக்கும் உயர் அதிகாரிக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள், ரிமாண்ட் நேரத்திலேயே மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாக்கச் சொல்லி மனுப் போடுங்கள். கேட்டும் போலீஸ் எடுக்கவில்லை என்றால் அதுவே உங்களுக்கு ஆயுதம். வாரணாசி ஓட்டல் ஒன்றில் நடந்த மரணம் தொடர்பான தொமாசோ புருனோ வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், இருந்த சிசிடிவி பதிவை அரசுத் தரப்பு கொண்டுவராததை அவர்களுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டு இருவரை விடுதலை செய்தது. செல்போன் அழைப்பு விவரங்களை டெலிகாம் நிறுவனங்கள் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் அதில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் உண்டு. ஆனாலும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். 94-ன் கீழ் சீக்கிரம் கேட்பது நல்லது.

மானிட்டரில் ஓடுவதை செல்போனில் வீடியோ எடுத்து வருகிறார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், அவ்வளவுதான். நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்றால் டி.வி.ஆர்.-ல் இருந்து நேரடியாகப் பிரதி எடுத்து, அதன் ஹாஷ் எண்ணோடு (கோப்பில் மாற்றம் செய்யவில்லை என்று காட்டும் எண்), மின்னணு ஆதாரத்துக்குத் தர வேண்டிய, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும். 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி பிரிவின் கீழ் இருந்த இதே போன்ற சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் நிபுணர் கையெழுத்திடும் ஒரு பகுதியும் சேர்ந்திருக்கிறது. டி.வி.ஆர்.-ல் ஓடும் கடிகாரம் எத்தனை நிமிடம் பிசகி ஓடுகிறது என்பதையும் அப்போதே குறித்து வாங்கிவிடுங்கள்.

காவல் நிலையத்துக்கு உள்ளேயே ஏதாவது நடந்திருந்தால் அங்குள்ள கேமராப் பதிவைக் கேளுங்கள். 2020-ல் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இறந்த பிறகு விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா நிலையங்களிலும் வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை வரை ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனுவில் தேதி, மணி, எந்த இடத்துக் கேமரா என்று பிரித்து எழுதுங்கள். "கேமரா ரிப்பேர்" என்று பதில் வந்தால், எந்தத் தேதியில் இருந்து ரிப்பேர், யாருக்கு எப்போது புகார் எழுதினீர்கள் என்று அடுத்த மனுவில் கேளுங்கள்.