ஊர் திரும்பியதும் போதை ஏன் எழுந்து நிற்கிறது?

சிறையிலிருந்து வெளியே வரும் போதைப்பொருள் தலைவன் பழைய ஆட்களைக் கூட்டி, இழந்த ஏரியாவைத் திரும்பப் பிடிப்பான். கேங்ஸ்டர் படங்களில் சலிக்காமல் ஓடும் கதை இது. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களிலும் இதற்கு விசில் பறக்கும். ஆனால் தலைவனின் சரக்கை வாங்கிப் போட்டு, உள்ளே போய், அதே ஊருக்குத் திரும்பும் பையனை எந்த கேமராவும் பின்தொடர்வதில்லை. அவன் உடம்பில் நடப்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ஹெராயின் மூச்சை மந்தமாக்கும். உடம்பு அதற்கு எதிர்வேலை செய்து தன்னைச் சரிக்கட்டப் பழகும். அதனால்தான் நாளாக ஆக அதே அளவு போதாமல் போகிறது. இந்த எதிர்வேலை சரக்கு உள்ளே போவதற்கு முன்பே தொடங்கிவிடும். வழக்கமான இடத்தையும் கூட்டாளியையும் ஊசியையும் கண்டாலே போதும், குழம்பு கொதிக்கும் வாசனைக்கு எச்சில் ஊறுவது போல உடம்பு தயாராகிவிடும். தயாரான பிறகு சரக்கு வரவில்லையென்றால், அதுவே தாங்க முடியாத தவிப்பாகிறது.

கனடாவின் ஷெப்பர்ட் சீகல் குழு 1982இல் இதை எலிகளிடம் சோதித்தது. ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு மிகப் பெரிய அளவைக் கொடுத்தார்கள். பழகிய இடத்தில் கொடுத்தபோது சுமார் 32 விழுக்காடு இறந்தன. அதே அளவைப் புது இடத்தில் கொடுத்தபோது, பழகிய அடையாளங்கள் இல்லாமல் உடம்பு தயாராகாததால், 64. ஹெராயினே அறியாத எலிகளில் 96!

சிறையில் இருக்கும்போது தாங்கும் சக்தி இறங்கிவிடும். வெளியே வந்தவன் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான கைதிகளைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அளவு மீறிய போதையால் சாகும் அபாயம் அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு இருந்தது.

அப்படியானால் ஊரை மாற்றினால் போதுமா? வியட்நாம் போரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு அமெரிக்க வீரர் அபின், ஹெராயின் வகைகளுக்கு அடிமையானார். ஆய்வாளர் லீ ராபின்ஸ் விசாரித்தபோது, நாடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் சுமார் 5 விழுக்காட்டினரே மறுபடி அடிமையாகியிருந்தனர். இடம் மாறியது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பழைய தூண்டுதல்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன.

நம் பையனோ அதே லயத்துக்கு, அதே ஒட்டுக்கடைக்கு, அதே செம்பனைக் காட்டோரத்துக்குத் திரும்புகிறான். ‘மனவுறுதி இல்லாத பயல்’ என்று அவனைத் திட்டுவது அநியாயம். சித்தப்பாவோ மாமாவோ வேறு ஊரில் வேலை பார்த்துக் கொடுத்தால் ஏக்கம் குறைய வாய்ப்புண்டு. ஆனால் அங்கே தடுமாறிப் பழைய அளவைத் தொட்டால், சீகலின் எலிகளுக்கு நேர்ந்த ஆபத்து அவனுக்கும் உண்டு.

அதனால் இடமாற்றத்தோடு மருத்துவமும் வேண்டும். மலேசியாவில் 2005இல் தொடங்கிய மெத்தடோன் சிகிச்சை ஹெராயின்காரர்களுக்கு உதவுகிறது. மூளையில் ஹெராயின் பற்றும் அதே இடங்களை மெத்தடோன் மெதுவாகப் பிடித்து, ஒரு நாள் முழுக்கத் தவிப்பை அடக்கி வைக்கும். ஷாபு எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் வேறு வழியில், மூளையின் டோபமைன் என்ற ரசாயனத்தைப் பெருக்கி வேலை செய்வதால் அதற்கு மெத்தடோன் பயன்படாது. அங்கே ஆலோசனையும் நடத்தைச் சிகிச்சையும்தான் இப்போதைக்கு முதல் வழி.