கருத்து எழுத்து அல்ல, குறிப்புக்குறி

நிரல் கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட் (Git) பற்றிய தமிழ்ப் பாடங்களில் ‘கமென்ட் கேரக்டர்’ என்பதைக் ‘கருத்து எழுத்து’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இரண்டு சொல்லுமே பிழை.

மூலம் சுருக்கமானது. கமென்ட் லத்தீனிலிருந்து வந்தது. முதலில் புனைந்தது என்றும், பிறகு நூலுக்கு எழுதும் விளக்கம் என்றும் பொருள்பட்டது. கேரக்டர் கிரேக்கச் சொல். பொறித்த குறி என்று பொருள்.

சரி, கிட்டில் இது என்ன செய்கிறது? மாற்றங்களைப் பதிவதற்குக் கமிட் என்று பெயர். அதற்கான விளக்கச் செய்தியை எழுத எடிட்டர் திறக்கும்போது, # போட்ட சில வரிகள் ஏற்கெனவே அதில் இருக்கும். எந்தக் கிளையில் இருக்கிறோம், எந்தக் கோப்புகள் மாறின என்று நமக்கு உதவியாகக் கிட் எழுதி வைப்பவை அவை. சேமித்து மூடியதும் # இல் தொடங்கும் வரிகளைக் கிட் நீக்கிவிடும். இதில் யாருடைய கருத்து இருக்கிறது? கருத்து என்றால் ஒருவர் மனத்தில் கொண்டது. செய்திக்குக் கீழே வாசகர் எழுதினால் அது கருத்து. உதவிக்காகப் பக்கத்தில் எழுதி வைப்பது குறிப்பு. அடிக்குறிப்பு, குறிப்புரை என்றெல்லாம் நம்மிடம் எப்போதோ இருக்கிறதே!

‘எழுத்து’ இன்னும் மோசம். அகரம் முதல் னகரம் வரை முப்பது என்று எழுத்தை வரையறுத்துத்தான் தொல்காப்பியமே தொடங்குகிறது. # எந்தக் கணக்கில் எழுத்தாகும்? ‘கருத்து எழுத்தை மாற்றுக’ என்று படிக்கும் மாணவர், எழுத்துருவை மாற்றச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். கேள்விக்குறி, மேற்கோள்குறி வரிசையில் இதுவும் குறிதான். ஆகவே குறிப்புக்குறி. ‘குறி’ இருமுறை வருகிறதே என்பார்கள். வரட்டும், பொருள் தெளிவாக இருக்கிறது.

இந்தத் தெளிவு ஏன் வேண்டும் என்றால், எடிட்டரில் பிழையின் எண்ணைக் குறித்து ‘#412 பிழை சரிசெய்யப்பட்டது’ என்று ஒரே வரி எழுதி மூடிப் பாருங்கள். வரி முழுவதும் போய்விடும். செய்தி காலி என்று கமிட்டும் நின்றுவிடும். இதற்காகத்தான் 2013இல், 1.8.2 பதிப்பில், குறியை மாற்றிக்கொள்ளும் கோர்.கமென்ட்கேர் (core.commentChar) அமைப்பு வந்தது. அதில் # க்குப் பதிலாக ‘;’ என்று வைத்துவிட்டால் #412 வரி தப்பிக்கும். 2024இல் வந்த 2.45 பதிப்பிலிருந்து // போன்ற தொடரையும் வைக்கலாம். அப்போது ‘எழுத்து’ என்பது எண்ணிக்கையிலும் பொய்யாகிறது. ‘குறி’ அப்படியே நிற்கிறது.

இந்த அமைப்பில் வைக்கக்கூடிய ‘ஆட்டோ’ (auto) என்ற மதிப்புக்கும் இதே கதிதான். ‘தானியங்கி’ என்று எழுதுகிறார்கள். தானியங்கி ஒரு பொருளின் பெயர். இங்கே நடப்பது வேறு: செய்தியின் எந்த வரியும் தொடங்காத ஒரு குறியைக் கிட் தானே தேடி எடுத்துக்கொள்கிறது. ‘தானாகத் தேர்’ என்றால் போதும். அகராதியைத் திறக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு தடவை அந்த எடிட்டரையும் திறந்து பார்த்திருக்கலாம்.