வீட்டுக்கு அனுப்பிட்டா சிரங்கு போயிடுமா?

அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல 1894ல டிஃப்தீரியா, அதாவது தொண்டை அடைப்பான் பரவுன சமயத்துல, ஸ்கூலுக்கு தினமும் டாக்டர் போய் பிள்ளைங்களை பாக்குற ஏற்பாடு வந்துச்சு, நோய் இருக்குற பிள்ளையை உடனே தனியா பிரிச்சாங்க. அது சரியான வேலை, ஏன்னா டிஃப்தீரியா உயிரையே எடுத்துடும். கொஞ்ச வருஷத்துல நியூயார்க்கும் இதையே ஆரம்பிச்சுது. ஆனா அங்க பேன், சிரங்கு, படர்தாமரை, ட்ரக்கோமாங்குற கண் நோய் எல்லாத்துக்கும் அதே மருந்துதான், "வீட்டுக்குப் போ". 1902 செப்டம்பர்ல மட்டும் 10,567 பிள்ளைங்களை வெளிய அனுப்பிருக்காங்க.

இது ஏன் வேலை செய்யலன்னு சிரங்கை வச்சே பாக்கலாம். கண்ணுக்கு சரியா தெரியாத ஒரு குட்டிப் பூச்சி தோலுக்குள்ள சுரங்கம் மாதிரி குடைஞ்சு முட்டை போடும், ஆனா முதல் தடவை வர்றவங்களுக்கு அரிப்பு உடனே வராது, உடம்பு அந்தப் பூச்சியை எதிர்க்க ஆரம்பிச்சாதான் அரிக்கும், அதுக்கே நாலு முதல் ஆறு வாரம் ஆயிடும். அதுக்குள்ள கூட படுக்குற தம்பி தங்கச்சிக்கெல்லாம் ஒட்டியிருக்கும். பிள்ளையை அனுப்புறது எங்க? அதே படுக்கைக்குத்தான். ட்ரக்கோமாவும் அப்படித்தான், விரல், ஈ, எல்லாரும் முகம் துடைக்குற ஒரே துண்டு வழியா திரும்பத் திரும்ப தொத்தும். அப்படி பல தடவை வந்தா இமைக்கு உள்பக்கம் தழும்பாகி, இமை முடி உள்ள மடங்கி கருவிழியை உரசி உரசி கடைசில பார்வையே போயிடும்.

நியூயார்க்ல லோயர் ஈஸ்ட் சைடுங்குற பகுதில ஏழை குடியேறிகளுக்கு நர்ஸா சேவை செஞ்சிட்டு இருந்த லிலியன் வால்ட், நகர நிர்வாகத்துக்கிட்ட, ஒரு நர்ஸை அனுப்புறேன், ஒரு மாசம் பாருங்கன்னு சொன்னாங்க. 1902 அக்டோபர்ல லீனா ராஜர்ஸ், கனடால பிறந்தவங்க, நாலு ஸ்கூல், ஏறக்குறைய 10,000 பிள்ளைங்க, தனி ஆளா இறங்குனாங்க. சின்னச் சின்ன தொந்தரவுக்கு ஸ்கூல்லயே மருந்து போட்டு கட்டி கிளாசுக்கு திருப்பி அனுப்பிட்டு, அப்புறம் வீடு வீடா போய் அம்மாக்கிட்ட எப்படி மருந்து போடணும், துணியை எப்படி துவைக்கணும்னு செஞ்சே காட்டுனாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த வீட்டுக்குப் போறதுதான். பேனையே எடுத்துக்குங்க, ஈர் முடியோட பசை போட்ட மாதிரி ஒட்டிட்டு இருக்கும், பொரியுறதுக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆகலாம். ஒரு தடவை மருந்து தேய்ச்சு விட்டுட்டா மறுபடியும் வரத்தான் செய்யும், அதனால இன்னொரு தடவை தேய்க்கணும், வீட்ல எல்லார் தலையும் பாக்கணும். "பேன் இருக்கு"ன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா எந்த அம்மாவுக்கு இது புரியும், அதுவும் இங்கிலீஷே தெரியாத வீட்ல?

அந்த ஒரு மாசத்துக்கப்புறம் நகர நிர்வாகமே இன்னும் 12 நர்ஸ்களை எடுத்துச்சு. 1903 செப்டம்பர்ல வெளிய அனுப்புன பிள்ளைங்க 1,101 பேர்தான். இதை நோயே பத்துல ஒண்ணா குறைஞ்சிடுச்சுன்னு படிக்கக்கூடாது, பல பிள்ளைங்களுக்கு நோய் இருந்தும் மருந்தோட கிளாஸ்லயே உக்கார முடிஞ்சுது, அதுவும் இந்தக் கணக்குல இருக்கு. வீட்ல முடங்கியிருக்க வேண்டிய பிள்ளை பாடம் படிச்சிட்டு இருந்துச்சு, எனக்கு அதுவே பெரிய விஷயம். 1910ல லீனா கனடாவுக்கே திரும்பிப் போய் டொராண்டோ ஸ்கூல்கள்லயும் இதே வேலையை ஆரம்பிச்சாங்க.