நாய்க்குட்டியின் வயிற்றோட்டத்துக்குச் சாயமா, ஜீவனியா?

மலையகத்து வீடுகளில் வயிற்றோட்டம் என்றால் முதலில் கைக்கு வருவது சாயம்தான். பால் விடாமல், இறுக்கமாக ஊற்றி, தேசிக்காய் பிழிந்து ஒரு கோப்பை. மனிதருக்குச் சரிப்பட்டது குட்டிக்கும் சரிப்படும் என்று நாய்க்குட்டியின் தட்டிலும் அதையே ஊற்றுகிறவர்கள் உண்டு. தேயிலையில் கஃபீன் இருக்கிறது. நாயின் உடம்புக்கு அது ஒத்துவராது. ஒரு கோப்பைச் சாயத்தில் ஏறக்குறைய 40 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு அது கிலோவுக்கு 20 மில்லிகிராம். நாய்களுக்குப் படபடப்பும் கக்கலும் தொடங்குவது அந்த அளவில்தான். முழுக் கோப்பையையும் யாரும் ஊற்றிவிடுவதில்லை, சரி. ஆனால் குட்டியின் உடம்பிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கும் உப்பு அந்தக் கோப்பையில் இல்லை. அதுதான் பெரிய குறை. அந்த உப்பைத் தண்ணீரோடு திருப்பிக் கொடுப்பதற்கென்றே இருப்பதுதான் ஜீவனி, கரைத்துக் குடிக்கும் உப்புப் பக்கற்.

குடலின் தண்ணீர்க் கணக்கு கொஞ்சம் வினோதமானது. நாய் குடிக்கும் தண்ணீர் அதில் ஒரு பங்குதான். உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணையச் சாறு என்று உடம்பே தன் குருதியிலிருந்து எடுத்துக் குடலுக்குள் ஊற்றுவது அதைவிட அதிகம். அவ்வளவையும் சிறுகுடலும் பெருங்குடலும் அநேகமாக முழுசாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த உறிஞ்சலில் சின்னதாக ஒரு தடங்கல் வந்தாலே போதும், மலம் தண்ணீராகிவிடும். அப்படி வெளியே போவது குடித்த தண்ணீர் மட்டுமல்ல, குருதியிலிருந்து வந்த தண்ணீரும்தான். கூடவே சோடியமும் பொற்றாசியமும் போகின்றன.

2 கிலோ குட்டி தன் எடையில் 5 சதவீதத்தைத் தண்ணீராக இழந்தால் அது 100 மில்லிலீற்றர், அதாவது அரைக் கோப்பை. அந்த அளவில் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. 10 சதவீதம் என்றால் 200 மில்லிலீற்றர். அப்போது கண் உள்ளே இழுத்திருக்கும், ஈறு காய்ந்திருக்கும். 12 சதவீதத்தைத் தாண்டினால் குருதிச் சுற்றோட்டமே தளர்ந்துவிடும். அரைக் கோப்பைக்கும் ஒரு கோப்பைக்கும் இடைப்பட்ட தூரத்தை, கழிந்துகொண்டும் கக்கிக்கொண்டும் இருக்கும் குட்டி ஒரே இரவில் கடந்துவிடும். பெரிய நாய் ஒரு நாள் கழிந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம். குட்டி விஷயத்தில் அந்தப் பொறுமை கூடாது.

இனி ஜீவனி. பார்மசியில் வாங்கும் அந்தப் பக்கற்றில் இருப்பது உப்புகளும் குளுக்கோசும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய சூத்திரப்படி ஒரு லீற்றருக்கு 20.5 கிராம். உப்பு எதற்கென்று சொல்லத் தேவையில்லை. குளுக்கோசு எதற்கு? தெம்புக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் முக்கிய வேலை வேறு.

சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீண்டிருக்கும் சடைமுளைகளைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் போர்த்திருக்கும் கலங்களின் மேற்பரப்பில் ஒரு புரதம் உண்டு. ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சோடியம் தனியாக வந்தாலும் அது திறக்காது, குளுக்கோசு தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். உள்ளே போன உப்பையும் சீனியையும் தொடர்ந்து, பிரசாரணத்தால், அதாவது செறிவு கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் இழுபடுவதால், தண்ணீரும் போகிறது. சோடியமும் குளுக்கோசும் இப்படிச் சேர்ந்துதான் போகின்றன என்று 1960 இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி முன்வைத்தார். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் பல கிருமிகளின் நஞ்சு குடலிலிருந்து தண்ணீரைச் சுரக்க வைக்குமே தவிர, இந்தக் கதவைப் பழுதாக்குவதில்லை. ஒரு பக்கம் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் உள்ளே அனுப்பமுடிவது அதனால்தான். 1971 இல் பங்களாதேஷ் போர் அகதிகள் நிறைந்திருந்த பன்கான் முகாமில் சேலைன் தீர்ந்துபோக, திலீப் மஹலானபிஸ் என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த கொலரா மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நாயின் குடலிலும் இருப்பது அதே கதவுதான்.

இந்தக் கணக்கில் அளவு பிசகக்கூடாது. பக்கற் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்கவேண்டும். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீராக இருந்தால் கொதிக்கவைக்காமல் தொடவே வேண்டாம். குட்டி சின்னதுதானே என்று அரைக் கோப்பைத் தண்ணீரில் பாதிப் பக்கற்றைக் கொட்டினால், அந்தச் செறிவு உடம்பிலுள்ள தண்ணீரையே குடலுக்குள் இழுத்துவிடும். மேலதிகமாகச் சீனி போட்டாலும், சோடா கொடுத்தாலும் இதே கதைதான். பக்கற் கிடைக்காவிட்டால் ஒரு லீற்றருக்கு தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கரைத்ததை ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள்.

ஒரே தடவையில் கிண்ணம் நிறைய வைத்தால் குட்டி மடமடவென்று குடித்து அப்படியே கக்கும். இரைப்பை விரிந்தாலே கக்கல் தூண்டப்படும். இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு தேக்கரண்டி, கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போதும். ஊசியில்லாத சிரிஞ்சால் கொடுப்பதென்றால் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில், சொட்டுச் சொட்டாக, குட்டி நிமிர்ந்து இருக்கும்போது மட்டும். சோர்ந்து படுத்துவிட்ட குட்டியின் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும்.

குட்டியின் நிலையைப் பார்க்க ஒரு விரல் போதும். மேலுதட்டைத் தூக்கிப் பல்லுக்கு மேலேயுள்ள ஈறைத் தொடுங்கள். நல்ல குட்டியின் ஈறு வழுவழுவென்று ஈரமாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். தண்ணீர் குறைந்த குட்டியின் ஈறில் விரல் ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம் அதே இடத்தை அழுத்திவிட்டு எடுங்கள். வெளிறிய புள்ளி இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்கவேண்டும். அதைவிட மெதுவாகச் சிவந்தால் குருதி விளிம்புவரை போய்ச் சேரவில்லை. கழுத்துத் தோலை இழுத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. ஆனால் மெலிந்த குட்டிக்கும் கொழுத்த குட்டிக்கும் அது பிழையாகக் காட்டும். நான் ஈறைத்தான் நம்புவேன். கறுத்த ஈறுள்ள நாயென்றால் கீழ்க்கண்ணிமையின் உட்பக்கத்தைப் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு விஷயம், குளிர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி இரவுகளில் புல்லில் உறைபனி விழும். நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39.2 பாகை வரை. கழிந்து நனைந்த குட்டி சிமெந்து இஸ்தோப்பில் சாக்கொன்றின்மேல் கிடந்தால் அந்தச் சூட்டைத் தக்கவைக்க அதனால் முடியாது. உடம்பு குளிர்ந்தால் குடலின் அசைவும் மந்தமாகும், கொடுத்தது உள்ளே தேங்கும். ஆகவே முதலில் சூடு, பிறகுதான் தண்ணீர், அதன் பிறகு சாப்பாடு. பின்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்து, வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். கரைத்த ஜீவனியும் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

சாப்பாட்டை நிறுத்திக் குடலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்வது பழைய யோசனை. சின்னக் குட்டியின் ஈரலில் சேமிப்பு குறைவு. பட்டினி கிடந்தால் குருதியில் சீனி இறங்கித் தள்ளாடும், வலிப்பும் வரலாம். அதோடு குடல் கலங்கள் தமக்கு வேண்டியதில் கணிசமான பங்கைக் குடலுக்குள் வரும் உணவிலிருந்தே எடுக்கின்றன. கக்கல் நின்றதும், குழைய வடித்த சோற்றில் தோலும் எலும்பும் நீக்கி அவித்த கோழியைப் பிசைந்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு, மிளகாய் வேண்டாம். மிஞ்சிய ரொட்டியும் சம்பலும் கூடவே கூடாது. சம்பலில் போகும் வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும்.

இந்த வயிற்றோட்டம் எதனால் வருகிறது? பாதிக்குப் பாதி, குட்டியைக் கொண்டுவந்த அன்பினால்தான் என்று தோன்றுகிறது. ஐந்து வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, பாவம் என்று பால்மாவைக் கரைத்து வைக்கிறோம். தாய்நாயின் பாலைவிட மாட்டுப்பாலில் இலற்றோசு அதிகம். குட்டி வளர வளர அதை உடைக்கும் நொதியம் குறைந்துகொண்டே வரும். உடைபடாத இலற்றோசு தண்ணீரை இழுத்துவைத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும். அங்கே பக்டீரியாக்கள் அதை நொதிக்கவைக்க வயிறு ஊதும். பாலை நிறுத்தினால் இந்த வயிற்றோட்டம் தானாகவே அடங்கும். வீட்டு அலுமாரியிலுள்ள குளிசைகளைத் தேடவேண்டியதில்லை. பனடோலும் இபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகலாம். வயிற்றோட்டத்தைக் கட்டிப்போடும் மாத்திரை கிருமியையும் சேர்த்து உள்ளே கட்டிப்போடும்.

பூச்சி அடுத்த காரணம். வட்டப்புழுவின் குடம்பிகள், அதாவது இளம் புழுக்கள், தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குள் போய்விடுகின்றன. பிறந்து இரண்டாவது வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்கச் சொல்வது அதனால்தான். கொக்கிப்புழு இன்னும் மோசம். ஈரமும் நிழலுமான மண்ணில் அதன் குடம்பி காத்திருக்கும், பாதத்தோல் வழியாகவும் ஏறும். அதில் ஒரு வகையை 1911 இல் ஆர்தர் லூஸ் என்பவர் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து எடுத்து விவரித்தார். அது நாயையும் பிடிக்கும், செருப்பில்லாமல் நடக்கும் மனிதரையும் பிடிக்கும். குடல் சுவரைக் கடித்துக் குருதி குடிப்பதால் மலம் தார்போலக் கறுக்கும், ஈறு வெளுக்கும். வெளுத்த ஈறைக் கண்டால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மிருக வைத்தியரிடம் போகவேண்டும்.

ஜீவனியும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. 1978 இல் அடையாளம் காணப்பட்டு, இரண்டு வருடத்துக்குள் உலகம் முழுக்கப் பரவிய பார்வோ வைரசு. வேகமாகப் பிரியும் கலங்களில்தான் அது பெருகும். சடைமுளைகளின் அடிவாரத்தில் புதுக் கலங்கள் ஓயாமல் பிறந்து மேலே ஏறி, சில நாட்களுக்கொரு தடவை முழுப் போர்வையையும் மாற்றும். வைரசு அந்த அடிவாரத்தையே அழிக்கிறது. பழைய கலங்கள் உதிர்கின்றன, இடத்துக்குப் புதியவை வருவதில்லை, சடைமுளை சரிகிறது. முன்னே சொன்ன கதவே அங்கு இல்லை. வெறுமையான சுவர் வழியாகக் குடல் பக்டீரியா குருதிக்குள் இறங்கும் நேரத்தில், என்பு மச்சையும் தாக்கப்பட்டு வெண்குருதிக் கலங்களும் குறைந்திருக்கும். தொற்றி மூன்று முதல் ஏழு நாளில் குட்டி சுருண்டு படுக்கும், சாப்பாட்டை முகராது, கக்கும். பிறகு குருதி கலந்து, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு கழியும். இதற்கு நாளத்தில் ஏற்றும் சேலைன்தான் வழி. வைத்தியம் இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. நேரத்தோடு கிடைத்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. பக்கத்து டவுனில் சேலைன் ஏற்ற வசதியில்லை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது; ஹட்டன் பக்கமிருந்து சில மணிநேரப் பயணம். குருதியைக் கண்ட அன்றே புறப்படவேண்டும்.

“அதுதான் ஊசி போட்டாச்சே” என்பார்கள். அரசாங்கம் இலவசமாகப் போடுவது விசர்நாய் நோய்க்கான ஊசி. பார்வோவுக்கு வேறு ஊசி, அதைக் காசு கொடுத்துத்தான் போடவேண்டும். அதுவும் ஒரு தடவையோடு முடியாது. தாயின் முதல் பாலில் வந்த பிறபொருளெதிரிகள், அதாவது கிருமியை எதிர்க்கும் புரதங்கள், தடுப்பூசியையும் வைரசு என்றே எண்ணி அழித்துவிடும். அவை எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கொரு தடவை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

வரிசையாக வீடுகளுள்ள லயத்தில் ஒரு குட்டிக்கு வந்தால் மற்றக் குட்டிகளையும் கட்டிவைப்பது நல்லது. சவர்க்காரத்துக்கும் மதுசாரத்துக்கும் இந்த வைரசு சாகாது. தரையைக் கழுவித் துடைத்தபின், ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடவேண்டும். சிமெந்துக்கு அது சரி. வாசலுக்கு முன்னாலுள்ள மண்ணில் பிளீச் வேலை செய்யாது, நிழலான ஈர மண்ணில் வைரசு ஒரு வருடம்கூடத் தங்கும். அதே வாசலுக்கு அடுத்த குட்டியைக் கொண்டுவருவதென்றால், பதினாறு வாரத்து ஊசி முடிந்ததாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.