ஆக்னஸ் தியாகி இல்லை, மறைசாட்சி

ஜனவரி 21, அவள் திருநாள் வந்தால் போதும், பழைய ரோமில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட சிறுமி புனித ஆக்னஸ் பற்றிய வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் வரிசை கட்டிவிடும். இந்த வருடம் எனக்கு வந்த நான்கிலும் ஒரே வசனம்: "பன்னிரண்டு வயதிலேயே உயிர்த்தியாகம் செய்த தியாகி." நாலாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆங்கிலத்தில் 'மார்ட்டர்' (martyr) என்பதைத்தான் இவர்கள் தியாகி என்கிறார்கள். அந்தச் சொல்லின் கதை சின்னதுதான். அதற்கு மூலமான கிரேக்க 'மார்த்துஸ்' என்றால் சாட்சி, வழக்கில் வந்து 'நான் பார்த்தேன்' என்று சொல்கிற அதே சாட்சி. சாவுக்கும் அதற்கும் முதலில் சம்பந்தமே இல்லை. சொன்ன சாட்சியத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் பெருகப் பெருக, சாவும் சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இதே பொருளில் முஸ்லிம்கள் சொல்கிற அரபிச் சொல் ஷஹீதுக்கும் வேர் சாட்சிதான். தமிழில் பழைய கத்தோலிக்கர் வேதசாட்சி என்றார்கள், விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையைச் சொல்வது போல. சீர்திருத்த சபையார் இரத்தசாட்சி என்பார்கள். கத்தோலிக்கர் பேச்சில் 'வேதம்' என்ற வடசொல் போய் 'மறை' வந்ததும், வேதசாட்சி மறைசாட்சி ஆனது. மூன்றிலும் சாட்சி பத்திரமாக இருக்கிறது.

தியாகியில் அது இல்லை. தன்னுடையதை விட்டுக்கொடுத்தவர் தியாகி. நம் ஊரில் சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர்களும் தியாகிகள்தான், அவர்களுக்கு ஓய்வூதியம்கூட உண்டு, அதை வாங்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும். முன்னால் 'உயிர்' ஒட்டினால் சாவு வந்துவிடும், சரி, ஆனால் எதற்காகச் செத்தார் என்பது வராதே. கிணற்றில் விழுந்த பிள்ளையைத் தூக்கப் போய் மூழ்கியவரும் உயிர்த்தியாகிதான். ஆக்னஸ் யாரையும் காப்பாற்றப் போகவில்லை. மரபுப்படி ரோமப் பேரரசன் தியோக்ளேசியன் காலத்துக் கலாபனையில், அதாவது கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், 304 வாக்கில், ரோமில் அவளை ரோமத் தெய்வங்களின் பலிபீடத்துக்கு இழுத்துப்போனார்கள், கல்யாணத்துக்கு இணங்கு என்றார்கள், அவள் மாட்டேன் என்றாள். அந்த 'மாட்டேன்'தான் சாட்சியம்.

இதை நானாகச் சொல்லவில்லை. 377இல் கன்னியர் பற்றி எழுதிய மிலான் ஆயர் அம்புரோஸ், விலங்கு மாட்டப்போனால் அந்தக் குச்சிக் கைக்கு ஏற்ற அளவில் விலங்கே இல்லை என்கிறார், வெட்டுப்பட அந்த உடம்பில் இடம் இருந்ததா என்று கேட்கிறார். அடுத்து ஒரு வரி: வயது போதாமல் தன்னைப் பற்றியே தான் முடிவெடுக்க முடியாத பிள்ளை, கடவுளுக்குச் சாட்சியாக நின்றாளே என்று எல்லோரும் வாயடைத்துப் போனார்களாம். அங்கே அவர் போட்டிருப்பது 'தெஸ்திஸ்', சாட்சிக்கான அப்பட்டமான லத்தீன் சொல். அந்த இடத்தில் தியாகி என்று போட்டுப் பாருங்கள், வாக்கியமே படுத்துவிடும்.

இதே வீடியோக்காரர்கள் 'ஆக்னஸ் என்றால் ஆட்டுக்குட்டி' என்றும் சொல்கிறார்கள். இல்லை, கிரேக்க 'ஹாக்னே', தூயவள். லத்தீனில் ஆட்டுக்குட்டிக்கு 'ஆக்னுஸ்' என்பதால் ஓசை ஒட்டிக்கொண்டது, அப்புறம் படங்களில் ஆட்டுக்குட்டியும் ஒட்டிக்கொண்டது. ரோமின் நோமெந்தானா சாலையில் அவள் கல்லறை மேல் எழுந்த கோவிலின் ஏழாம் நூற்றாண்டு மொசைக்கில் ஆட்டுக்குட்டி கிடையாது. இருந்தாலும் அவள் திருநாளில் ரோமில் ஆட்டுக்குட்டிகளை மந்திரிப்பதும், பேராயர்கள் தோளில் போடுகிற கம்பளிப் பட்டையான பால்லியத்துக்கு அந்தக் கம்பளியைச் சேர்ப்பதும் அழகான வழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மறைசாட்சியிலும் ஒரு நெருடல் உண்டு. மறைக்கல்வி, மறைப்பணி என்றெல்லாம் ஒற்று மிகும்போது இதில் மட்டும் ச் எங்கே போனது? ச் இல்லாமல் படித்தால் வினைத்தொகை, அதாவது ஒளிந்துகொள்கிற சாட்சி! மறைச்சாட்சி என்று எழுதினால் தீர்ந்தது. 'சாட்சியே வடசொல்லாயிற்றே' என்பவர்களுக்கு: பச்சைத் தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்று பெயர், 'இந்திரனே சாலுங் கரி' என்று குறளிலேயே இருக்கிறது. நல்ல சொல்தான். ஆனால் தீயில் போடப்பட்டதாகவும் மரபு சொல்கிற ஒரு பிள்ளையை மறைக்கரி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

வீடியோவுக்குக் குரல் கொடுப்பவருக்கு மறைச்சாட்சி வாயில் நுழையவில்லை என்றால், வேதசாட்சி என்றே சொல்லிவிட்டுப் போகட்டும்.