பாதித் திறனில் ஓடிய லயன்

நேப்பியர் லயன், ரோல்ஸ்-ராய்ஸ் ஆர் ஆகிய இரண்டு பழைய விமான எஞ்சின்களும் தரைவேகச் சாதனைக் கார்களில் பொருத்தப்பட்டிருக்கின்றனவே, அவற்றில் எது சிறந்தது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் ஆர் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் 1938 செப்டம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து பான்வில் உப்புவெளியில் நடந்தது அந்தப் பதிலைக் கேள்விக்குள்ளாக்குகிறது.

செப்டம்பர் 15 அன்று ஜான் காப் என்ற ஆங்கிலேயர் தம் ரெயில்டன் காரில் மணிக்கு 350.2 மைல், அதாவது சுமார் 563 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலகச் சாதனை படைத்தார். மறுநாளே அவருடைய நாட்டவரான ஜார்ஜ் ஐஸ்டன், தண்டர்போல்ட் காரில் 357.5 மைல் வேகத்தில் ஓடி அதை முறியடித்தார். தண்டர்போல்ட்டில் இருந்தவை இரண்டு ஆர் எஞ்சின்கள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 4,700 குதிரைத்திறன். ரெயில்டனில் இருந்த இரண்டு லயன்களும் சேர்ந்து தந்தது ஏறத்தாழ 2,500 மட்டுமே.

காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு (வேகம் × வேகம்) ஏற்பக் கூடும் என்பதும், அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும் என்பதும் பள்ளிப் பாடம்தான். அதன்படி ரெயில்டன் காரே இன்னும் 2 சதவீதம் வேகமாக ஓடி ஐஸ்டனின் சாதனையை எட்ட வேண்டுமானால், அதற்குச் சுமார் 6 சதவீதம் கூடுதல் திறன் போதும். ஐஸ்டனிடமோ 88 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்த மிச்சத் திறனெல்லாம் எங்கே போயிற்று என்று தேடினால், இந்த எஞ்சின்கள் எப்படிப்பட்ட கார்களைக் கட்ட இடம்கொடுத்தன என்ற இடத்துக்கு வந்து சேர்கிறோம்.

ஆர் என்பது 36.7 லிட்டர் கொள்ளளவு கொண்ட, V வடிவில் இரண்டு வரிசையாக நிற்கும் 12 சிலிண்டர் எஞ்சின். ஷ்னைடர் கோப்பைக் கடல்விமானப் பந்தயத்துக்காக உருவாக்கப்பட்டது. 1931-இல் பிரிட்டிஷ் அரசு அந்தப் பந்தயத்துக்குப் பணம் தர மறுத்தபோது, லூசி ஹூஸ்டன் என்ற செல்வச் சீமாட்டி ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து முயற்சியைக் காப்பாற்றினார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர், எரிபொருள் கலவை, வால்வுகளின் வெப்பம் ஆகியவற்றைப் பற்றி அந்த எஞ்சினில் கற்றவை ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் அடுத்த தலைமுறை எஞ்சின்களுக்குக் கைகொடுத்தன. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆராய்ச்சிக்கான பணத்தை நிறுத்திவிடும் வழக்கம் எவ்வளவு பெரிய இழப்பைத் தரக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

லயன் அதைவிட ஒரு தலைமுறை மூத்தது. முதல் உலகப்போரின் இறுதியில் உருவானது. அதை வடிவமைத்த ஆர்தர் ரௌலெட்ஜ் 1921-இல் ரோல்ஸ்-ராய்ஸுக்கு மாறி, பிற்பாடு ஆர் எஞ்சினின் உருவாக்கத்திலும் பங்கேற்றார். லயனிலும் சிலிண்டர்கள் 12-தான். ஆனால் அவை இரண்டு வரிசையாக இல்லாமல், நான்கு நான்காக மூன்று வரிசையில் நிற்கின்றன: நடுவரிசை நிமிர்ந்து நிற்க, மற்ற இரண்டும் இருபுறமும் 60 பாகை சாய்ந்திருக்கும்.

இந்த மூன்றாவது வரிசையில்தான் எஞ்சினின் அழகே இருக்கிறது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்ஷாஃப்ட்டில், V வடிவ எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு முழங்கை வீதம் ஆறு முழங்கைகள் தேவை. லயனுக்கு நான்கே போதும், ஏனெனில் மூன்று பிஸ்டன்கள் ஒரே முழங்கையைச் சுழற்றுகின்றன. பிஸ்டனை முழங்கையோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் மூன்றையும் அருகருகே கோத்தால் முழங்கை நீண்டுவிடும். மிச்சப்படுத்திய நீளம் வீணாகும். ஆகவே நடுவரிசை ராடு மட்டுமே முழங்கையை நேரடியாகத் தழுவுகிறது. அது தலைமை ராடு. அதன் பருத்த அடிப்பகுதியின் இருபுறத்திலும் சிறு ஊசிகள் பொருத்தி, பக்கவரிசைகளின் ராடுகளை அவற்றில் கோத்துவிடுகிறார்கள். தாயின் இடுப்பின் இருபுறமும் தொற்றிக்கொண்ட இரண்டு பிள்ளைகளைப் போல அவை அதனுடன் சேர்ந்தே சுழல்கின்றன. அந்த ஊசிகள் முழங்கையின் மையத்திலிருந்து சற்று விலகி இருப்பதாலும், தலைமை ராடு சுழலும்போது பக்கவாட்டில் ஆடுவதாலும், ஊசிகள் வரையும் பாதை சரியான வட்டமாக அமைவதில்லை. பக்கத்து பிஸ்டன்கள் நடு பிஸ்டனைவிடச் சிறிது வேறுபட்ட தூரம் ஏறி இறங்குகின்றன. ஒரே எஞ்சினுக்குள் இந்த வேறுபாட்டுக்கு இடம்கொடுத்தும் அது சீராக ஓடுகிறது என்பது ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்கு வியப்பளிக்கிறது.

பயன் என்னவென்றால் கிராங்க்ஷாஃப்ட் குட்டையாகிறது. நீண்ட தண்டு, ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒவ்வொரு வெடிப்புக்கும் முறுக்கிக்கொண்டு அதிரும். குட்டைத் தண்டு அவ்வளவு முறுக்காது, அதைத் தாங்கும் உறையும் சிறிதாக இருந்தால் போதும்.

ரீட் ரெயில்டன் என்ற பொறியாளர் இந்தக் குட்டை எஞ்சின்களைக் கொண்டுதான் காப்பின் காரை வரைந்தார். S எழுத்துபோல வளைந்த ஒற்றை முதுகெலும்பு. அதன் ஒவ்வொரு வளைவிலும் ஒரு லயன். ஒரு எஞ்சின் முன் அச்சையும் மற்றது பின் அச்சையும் ஓட்டியதால், காரின் எடை முழுவதும் உந்தும் சக்கரங்களின்மீதே இருந்தது. தண்டர்போல்ட்டின் முன்சக்கரங்கள் நான்கும் எடையைச் சுமந்து திருப்ப மட்டுமே உதவின. 4,700 குதிரைத்திறனும் பின்சக்கரங்கள் வழியாகவே உப்பில் இறங்க வேண்டியிருந்தது. சக்கரம் உப்பில் வழுக்கினால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை. அந்தக் கார் சுமார் 7 டன். ரெயில்டன் சுமார் 3 டன். குறுகிய ஓடுபாதையில் வேகம் பிடிக்க வேண்டும் என்னும்போது இந்த எடை வேறுபாடு பெரிது.

ரெயில்டன் காரில் ரேடியேட்டரும் இல்லை. காற்றை உள்ளே வாங்கும் ஓட்டை எதிர்ப்பைக் கூட்டும் என்பதால், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை ஐஸ்கட்டி நிரப்பிய தொட்டி வழியாகச் சுற்றவிட்டார்கள். இது கட்டுபடியாகுமா என்று நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 2,500 குதிரைத்திறன் என்பது சுமார் 1,860 கிலோவாட். தண்ணீருக்குப் போகும் வெப்பத்தைத் தோராயமாக 700 கிலோவாட் என்றும் முழுத்திறனில் ஓடும் நேரத்தை 2 நிமிடம் என்றும் கொண்டால், 84,000 கிலோஜூல் வருகிறது. ஒரு கிலோ ஐஸ் உருகி, கொதிநிலை வரை சூடேற சுமார் 750 கிலோஜூல் உறிஞ்சும். ஆக, நூற்றுப் பத்துக் கிலோ ஐஸ் ஒரு ஓட்டத்துக்குப் போதும். சாதனையாக ஏற்கப்பட ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடியாக வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியில் ஒரே துண்டாக இருந்த மேலுறையை ஆட்கள் தூக்கிக் கழற்றி, அடுத்த ஓட்டத்துக்குக் காரைத் தயார்செய்வார்கள்.

ஆகவே வாசகரின் கேள்விக்கு என் விடை: எஞ்சினாக மட்டும் பார்த்தால் ஆர், கார் கட்டக் கிடைத்த எஞ்சினாகப் பார்த்தால் லயன். 1939 ஆகஸ்டில் காப் 369.7 மைல் வேகத்தில் ஓடிச் சாதனையை மீட்டார். தண்டர்போல்ட் 1946-இல் நியூசிலாந்தில் ஒரு தீவிபத்தில் அழிந்துபோனது. 1947 செப்டம்பர் 16 அன்று, போருக்கு முன் ஓட்டிய அதே ரெயில்டன் காரை காப் மீண்டும் பான்வில்லுக்குக் கொண்டுவந்து, இரு திசைகளின் சராசரியாக 394.2 மைல் வேகத்தைப் பதிவுசெய்தார். ஒரு திசையில் மட்டும் 400-ஐயும் தாண்டினார். அந்தக் கார் இன்று பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.